மொய் நோட்டு, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை: கிராம்ப்ஸில் சைட்டேஷன் எப்படிப் போடுவது?

முல்லைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வம்சாவளியை கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பூர்வீகம் சின்னமனூர். பெண் கொடுத்ததும் எடுத்ததும் கம்பம், உத்தமபாளையம், போடி என்று அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயேதான். ஆட்கள் ஐந்நூறைத் தாண்டிவிட்டார்கள். பெயரும் உறவும் ஏறியாயிற்று. இனி ஒவ்வொன்றுக்கும் சைட்டேஷன், அதாவது எந்தத் தாளில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற சான்றுக் குறிப்பு, சேர்க்க வேண்டும். அங்கேதான் முழிக்கிறேன்.

கையில் இருப்பவை:

தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு. மாப்பிள்ளை வீட்டு நோட்டு. அட்டை போய்விட்டது, எங்கேயும் தேதி இல்லை. தொகையெல்லாம் ரூபாய், அணா, பை கணக்கில். பெயரை விட்டுவிட்டு ஒரு வரியைச் சொல்கிறேன்: "கம்பம், வடக்குத் தெரு, இன்னார் மகன் இன்னார், ரூ. 2-8-0". இப்படிப் பக்கம் பக்கமாக.

அதே கல்யாணப் பத்திரிகை. "துன்முகி வருடம் தை மாதம்" வரை படிக்க முடிகிறது. ஆங்கிலத் தேதி இருந்த மூலை கிழிந்துவிட்டது. சித்தப்பா 1956 என்கிறார்.

அப்பாவின் பிறப்புக்கு மூன்று தாள், மூன்று தேதி. ஜாதகத்தில் சுபகிருது வருடம், ஆவணி மாதம், வியாழக்கிழமை, உதயாதி நாழிகை 52. நகராட்சிப் பதிவில் மறுநாள், வெள்ளிக்கிழமை. பள்ளிச் சான்றிதழில் 1-6-1962.

மொய் நோட்டு முழுக்க ஒரே சோர்ஸா (மூல ஆவணமா), பக்கத்துக்கு ஒரு சோர்ஸா? ஒரே பக்கத்தில் பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு தடவை தட்டச்சு செய்ய வேண்டுமா? அப்பாவுக்கு எந்தத் தேதியை வைத்து, எதை எங்கே ஒட்டுவது?

வரிவடிவம்

முதல் இரண்டுக்கு மட்டும் சொல்கிறேன். நோட்டு ஒரு சோர்ஸ். அது யார் வீட்டு பீரோவில் இருக்கிறதோ அது ரெபாசிட்டரி. பக்கமும் வரியும் சைட்டேஷன். பக்கத்துக்கு ஒரு சோர்ஸ் உண்டாக்கினால் ஆறு மாதத்தில் சோர்ஸ் பட்டியலைப் பார்த்து நீங்களே ஓடிவிடுவீர்கள்.

மறுபடி தட்டச்சு வேண்டாம். நிகழ்வின் சைட்டேஷன் தாவலில் புதிதாகச் சேர்க்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஏற்கெனவே உள்ளதை எடுத்துப் போடும் பொத்தான் இருக்கிறது. இல்லையென்றால் கிளிப்போர்டு சாளரத்தைத் திறந்து, சைட்டேஷனை அதில் இழுத்துப் போட்டு வைத்துக்கொண்டு, தேவையான இடத்திலெல்லாம் இழுத்து விடுங்கள். நகல் எடுக்காது, அதே சைட்டேஷன்தான் எல்லா இடத்திலும் நிற்கும். பின்னால் பக்க எண்ணைத் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும்.

பொத்தான் கதை இவ்வளவுதான். எதை எங்கே ஒட்டுவது என்பதைப் பத்திர எழுத்தர் ஐயா வந்து சொல்லட்டும்.

பழைய பத்திர எழுத்தர்

கூப்பிட்டுவிட்டீர்கள், வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சப்ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியே காலம் போக்கியவன் நான். கிரயப் பத்திரத்தில் "இந்தச் சொத்து எனக்குப் பாத்தியப்பட்டது" என்று மொட்டையாக எழுதினால் யாரும் முன்பணம்கூடக் கொடுக்க மாட்டான். இன்ன சார்பதிவகத்தில், சொத்துப் பத்திரங்களைப் பதியும் 1 புத்தகத்தில், இத்தனையாவது தொகுதியில், இந்தப் பக்கங்களில், இந்த வருடத்து இந்த நம்பராகப் பதிவான பாகப்பிரிவினையில் எனக்குக் கிடைத்தது என்று தாய்ப்பத்திரத்தைக் காட்ட வேண்டும். சைட்டேஷனும் அதேதான். ஒரு சர்வே நம்பருக்கு உள்ள தாய்ப்பத்திரம் பக்கத்து சர்வே நம்பருக்கு ஆகாது. அதனால், அம்மா, முதல் சங்கதி: சைட்டேஷனை ஆள் மேல் ஒட்டாதீர்கள். பெரும்பாலானோர் ஆளுடைய பக்கத்தைத் திறந்து, "மொய் நோட்டு, பக்கம் 7" என்று ஒன்றைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அந்த ஏழாம் பக்கம் அவருடைய பெயருக்குச் சாட்சியா, ஊருக்கா, அப்பா பெயருக்கா, பத்து வருடம் கழித்துப் பார்க்கிற பேரனுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் வரியையே எடுப்போம். கம்பம், வடக்குத் தெரு, இன்னார் மகன் இன்னார், இரண்டரை ரூபாய். இதில் எத்தனை சங்கதி இருக்கிறது பாருங்கள்.

பெயர். கிராம்ப்ஸில் பெயருக்கே தனியாக சைட்டேஷன் தாவல் உண்டு. ஒரே ஆளுக்குப் பல பெயர் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று வைக்கலாம். வீட்டில் கூப்பிடும் பெயர் மொய் நோட்டில் இருக்கும், பத்திரத்தில் வேறு பெயர் இருக்கும். இரண்டையும் வையுங்கள், அவரவர் தாளோடு.

அப்பா பெயர். இது நிகழ்வு இல்லை, உறவு. குடும்பத்தைத் திறந்து பிள்ளைகள் பட்டியலில் அந்தப் பிள்ளையின் உறவுக் குறிப்பைத் திருத்தினால், பெற்ற பிள்ளையா தத்தா என்று கேட்குமே, அந்தச் சாளரத்தில் ஒரு சைட்டேஷன் தாவல் இருக்கிறது. "இன்னார் மகன்" என்பதற்கு உரிய இடம் அதுதான். இந்தத் தாவலை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. வம்சாவளியில் முதலில் இற்றுப்போவதும் இந்த முடிச்சுதான்.

ஊர். குடியிருப்பு என்று ஒரு நிகழ்வு சேர்த்து அதில் ஒட்டலாம். ஆனால் அந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்று குறிக்கிற நம்பிக்கை அளவைக் கீழே இறக்குங்கள். நம் பக்கம் மொய் எழுதுகிறவர் "எந்த ஊரு?" என்று கேட்டால் பாதிப் பேர் பூர்வீகத்தைத்தான் சொல்வார்கள். தேவாரத்துக்காரர் கம்பத்தில் கடை வைத்து இருபது வருடம் ஆகியிருக்கும், நோட்டில் தேவாரம்தான் விழும். அப்படிச் சொன்னால்தானே திருப்பிச் செய்யும்போது ஆள் அடையாளம் தெரியும்.

அவர் அன்று உயிரோடு இருந்தாரா? இதற்கு மொய் நோட்டு சாட்சி இல்லவே இல்லை. அப்பன் காலமான பிறகும் அப்பன் பெயரிலேயே மகன் மொய் செய்வது உண்டு. வாங்கினது அந்தப் பெயரில்தானே. ஆகவே நோட்டை வைத்து இறப்புத் தேதியை "இதற்குப் பிறகு" என்று தள்ளி வைக்காதீர்கள்.

கல்யாணப் பத்திரிகை இதற்கு நேர் எதிர். "காலஞ்சென்ற இன்னாரின் பேரனும்" என்று அச்சாகியிருந்தால் அந்த இன்னார் அதற்குள் போய்விட்டார் என்பது உறுதி. அவருக்கு இறப்பு நிகழ்வு ஒன்று சேர்த்து, தேதியை "இதற்கு முன்" என்று வைத்து, பத்திரிகையின் சைட்டேஷனை அங்கே ஒட்டுங்கள். ஆனால் கல்யாணம் நடந்ததற்குப் பத்திரிகை நேர்ச்சாட்சி இல்லை. அது அடித்துக் கொடுத்தது முகூர்த்தத்துக்கு முன்னால். உங்களிடம் மொய் நோட்டும் இருப்பதால் தப்பித்தீர்கள். கல்யாணம் நடக்காமல் எவனும் மொய் எழுத மாட்டான். இரண்டையும் சேர்த்தே திருமண நிகழ்வில் போடுங்கள்.

இப்போது வருடம். உங்கள் சித்தப்பா சொன்ன 1956 சரியில்லை. துன்முகி 1956 சித்திரையில் பிறந்து 1957 பங்குனியோடு முடிந்தது. தை மாதம் என்றால் 1957 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். பழைய பத்திரிகையைப் படிக்கிறவர்கள் தை, மாசி, பங்குனிக் கல்யாணங்களை ஒரு வருடம் முன்னால் தள்ளிவிடுவது வழக்கமாக நடப்பது. அணாக் கணக்குக்குப் பதிலாக நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. உங்கள் நோட்டு அணாவில் இருப்பது அதோடு பொருந்துகிறது. அதற்குப் பிறகும் சில வருடம் அணாக் காசு புழங்கியது, கிராமத்தில் கணக்கும் அணாவிலேயே ஓடியது. அதனால் அணாவை மட்டும் வைத்து வருடம் சொல்ல முடியாது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த யோசனையை எல்லாம் சைட்டேஷனின் குறிப்பில் நாலு வரி எழுதி வையுங்கள். கிராம்ப்ஸில் தமிழ் வருடக் கணக்கு கிடையாது. ஹீப்ரு இருக்கிறது, பாரசீகம் இருக்கிறது, பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் போட்ட காலண்டர்கூட இருக்கிறது, நம்முடையது இல்லை. எனவே ஆங்கில மாதத்தைப் போட்டு, "கணக்கிட்டது" என்று தரம் வைத்து, தாளில் உள்ளதை உள்ளபடி குறிப்பில் எழுதுங்கள்.

நோட்டின் முதல் வரி யார்? மாப்பிள்ளை வீட்டு நோட்டு என்கிறீர்கள். தாய்மாமன் பெயர்தான் முதலில் விழுந்திருக்கும். அது உங்கள் தாத்தாவுடைய அம்மாவின் பிறந்த வீடு. பழைய ஆவணங்களில் பெண்ணின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்று தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்ற பக்கங்களை விடுங்கள், அந்த வரியைப் பெரிதாகப் படம் எடுத்து மீடியாவாக இணையுங்கள்.

அப்பாவின் மூன்று தேதிக்கு நாளை வருகிறேன். கண் வலிக்கிறது.

வரிவடிவம்

ஐயா சொன்னதோடு ஒரு ஒட்டு: அந்த ஒற்றை வரியைப் பெயருக்கு, உறவுக்கு, குடியிருப்புக்கு என்று மூன்று இடத்தில் ஒட்டும்போது ஒரே சைட்டேஷனைப் பகிர்ந்தால், நம்பிக்கை அளவும் மூன்றுக்கும் ஒன்றாகிவிடும். அந்த அளவு சைட்டேஷனில்தான் உட்கார்ந்திருக்கிறது. பெயருக்கு உயர்வாகவும் ஊருக்குத் தாழ்வாகவும் வேண்டுமென்றால் ஊருக்குத் தனி சைட்டேஷன் போட்டாக வேண்டும். பக்கம் அதே 7 ஆக இருந்தாலும்.

முல்லைக்கரை

ஐயா, முதல் வரியில் ஒரு பெயர், பக்கத்தில் "தாய்மாமன், போடி" என்று இருக்கிறது, பட்டு வேட்டி, மோதிரம் எல்லாம் தனித்தனியாக எழுதி. போடியில் எங்களுக்குச் சொந்தம் இருப்பதாக இதுவரை யாருமே சொன்னதில்லை! அத்தையிடம் கேட்கப் போகிறேன்.

வரிவடிவம், நன்றி. இன்னொன்று கேட்டுவிடுகிறேன். சென்னையில் இருக்கும் அண்ணன் வேறு மென்பொருள் வைத்திருக்கிறார். வம்சாவளி மென்பொருள்களுக்கிடையே தகவலை மாற்றிக்கொள்ளும் ஜெட்காம் கோப்பாக அனுப்பச் சொல்கிறார். இவ்வளவு பாடுபட்டு ஒட்டியது எல்லாம் போய்ச் சேருமா?

வரிவடிவம்

சேரும், ஆனால் உருமாறிச் சேரும். ஜெட்காமின் 5.5.1 பதிப்பில் சைட்டேஷன் என்பது தனியாக நிற்கிற பொருள் இல்லை. சோர்ஸுக்குத்தான் தனி அடையாளம் உண்டு. பக்கம், குறிப்பு, நம்பிக்கை அளவு எல்லாம் ஒவ்வொரு நிகழ்வின் கீழும் திரும்பத் திரும்ப எழுதப்படும். நீங்கள் ஒரே சைட்டேஷனைப் பன்னிரண்டு பேருக்குப் பகிர்ந்திருந்தால் அண்ணனிடம் அது பன்னிரண்டு நகல். அவர் திருத்தி உங்களுக்குத் திருப்பி அனுப்பினால் பன்னிரண்டாகவே வரும். கிராம்ப்ஸில் சைட்டேஷன்களை ஒன்றிணைக்கும் கருவி இருக்கிறது, சமாளிக்கலாம்.

நம்பிக்கை அளவும் அப்படித்தான். கிராம்ப்ஸில் ஐந்து படி, ஜெட்காமில் 0 முதல் 3 வரை நான்கு படி. ஐந்தை நான்கில் அடைத்தால் ஏதாவது ஒன்று நசுங்கத்தான் செய்யும். முக்கியமான மதிப்பீட்டைப் படியில் மட்டும் வைக்காமல் குறிப்பில் தமிழில் எழுதிவிடுங்கள், அது எங்கே போனாலும் கூடவே போகும். உங்கள் சொந்தச் சேமிப்புக்கு ஜெட்காமை நம்ப வேண்டாம். கிராம்ப்ஸ் எக்ஸ்எம்எல் பொதியாக எடுத்தால் படங்களோடு அப்படியே இருக்கும். அண்ணனுக்கு அனுப்பும்போது உயிரோடு இருப்பவர்களை வடிகட்டி விடுவதும் நல்லது.

டர்பன் மருமகள்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் மாமனார் வழி தென்னாப்பிரிக்கா. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. கப்பல் பதிவேட்டில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். நமக்கு இணையத்தில் எளிதாகக் கிடைப்பது பதிவேட்டைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்த பட்டியல். தமிழ்ப் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி, அதை இன்னொருவர் படித்துத் தட்டி வந்தது. நான் பட்டியலை ஒரு சோர்ஸாகவும் பதிவேட்டை இன்னொரு சோர்ஸாகவும் வைத்திருக்கிறேன். பக்கம் என்ற கட்டத்தில் காலனி எண்ணையும் கப்பல் பெயரையும் போடுகிறேன். பதிவேட்டின் படத்தை நேரில் பார்த்த ஆட்களுக்கு மட்டும் இரண்டாவது சோர்ஸ். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் கிராமத்தின் பெயரில் மாட்டிக்கொள்வோம். வட ஆற்காட்டில் இல்லாத ஊரை வட ஆற்காட்டில் தேடிக்கொண்டிருப்போம்.

பழைய பத்திர எழுத்தர்

மருமகள் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் தொழிலில் வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பத்திரத்தின் நம்பரும் வருடமும் எழுதிக் கொடுத்தவர் வாங்கியவர் பெயரும் அதில் வரும், பத்திரம் வராது. வில்லங்கத்தைப் பார்த்துவிட்டு "பாகப்பிரிவினையில் கண்டபடி" என்று எழுதக் கூடாது. வில்லங்கம் ஒரு சோர்ஸ். நகல் மனுப் போட்டுப் பாகப்பிரிவினையை வாங்கின பிறகு அது வேறு சோர்ஸ். வாங்கிப் பாருங்கள், ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்பது ஜாதகத்துக்குச் சமம். யார் யார் பிள்ளைகள், யார் மைனர், மைனருக்கு யார் கார்டியன், எல்லாம் கையெழுத்தோடு இருக்கும்.

சரி, முல்லைக்கரை அம்மாவின் அப்பா பிறந்த நாள்.

வியாழனும் வெள்ளியும் சண்டை இல்லை. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயம் வரை. உதயாதி நாழிகை 52 என்றால், நாழிகைக்கு 24 நிமிடம், 20 மணி 48 நிமிடம். வியாழக்கிழமை உதயம் ஆறு மணி என்று தோராயமாக வைத்தால் பிறந்தது ராத்திரி 2.48. ஜோசியருக்கு அது இன்னும் வியாழன். நகராட்சிக்காரருக்குப் பன்னிரண்டு அடித்தவுடன் வெள்ளி. இரண்டு தாளும் ஒரே நேரத்தைத்தான் சொல்கின்றன. ஒரு பிறப்பு நிகழ்வு, வெள்ளிக்கிழமைத் தேதி, இரண்டு சைட்டேஷன். ஜாதக சைட்டேஷனின் குறிப்பில் இந்தக் கணக்கை எழுதுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து "ஜாதகத்தில் வியாழன்" என்று மாற்றிவிடுவார்கள்.

ஜாதகம் ஓலையா நோட்டா, பிறந்தபோது கணித்ததா பின்னால் நகல் எடுத்ததா என்பதையும் குறியுங்கள். சுபகிருது 1902-லும் வந்தது, 1962-லும் வந்தது. அப்பா விஷயத்தில் குழப்பம் இல்லை. பீரோவில் வேறு ஓலைகள் இருந்தால் அறுபது வருடச் சுற்றை மறந்துவிடாதீர்கள். நட்சத்திரமும் கிழமையும் சேர்ந்து பொருந்துகிற வருடம் எது என்று பார்க்க வேண்டும்.

1-6-1962 என்பது பிறந்த தேதியே இல்லை, அது பள்ளிக்கூடம் திறந்த தேதி. அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் கையில் பாதி ஊர் ஜூன் மாதத்தில் பிறந்தது. ஆவணியில் பிறந்த பிள்ளைக்கு ஜூனில் ஐந்து வயது நிரம்பியிருக்காது, சேர்க்க வேண்டுமே. இதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அம்மா. அப்பாவின் வேலை, ஓய்வு, பாஸ்போர்ட் எல்லாம் இந்தத் தேதியில்தான் ஓடியிருக்கும். இரண்டாவது பிறப்பு நிகழ்வாகச் சேர்த்து, விளக்கத்தில் "பள்ளிச் சேர்க்கைக்குக் கொடுத்த தேதி" என்று எழுதி, சான்றிதழை அதில் ஒட்டுங்கள். முதன்மையாக வெள்ளிக்கிழமை நிற்கட்டும். சான்றிதழை நம்பிக்கை குறைந்த தாள் என்று மொத்தமாக முத்திரை குத்தவும் வேண்டாம். பிறப்புக்கு அது மோசமான சாட்சி, எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு வரை படித்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வரிவடிவம் சொன்னபடி, இடத்துக்கு ஒரு சைட்டேஷன்.

முல்லைக்கரை

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ஹெட்மாஸ்டர் என் கையைத் தலையைச் சுற்றி மறு காதைத் தொடச் சொன்னார், தொட்டேன், எழுதிக்கொண்டார்" என்கிறார். இதை எந்த சோர்ஸில் போடுவது?

அத்தை ஒரு மணி நேரம் பேசினார். போடிச் சொந்தம் உண்மைதானாம், நிலத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றதாம். கைபேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அவர் அனுமதியும் கேட்டுவிட்டேன். "அத்தை சொன்னது" என்று ஒரே சோர்ஸ் வைத்து எல்லாவற்றுக்கும் அதையே போடலாமா என்று பார்க்கிறேன்.

பழைய பத்திர எழுத்தர்

வேண்டாம். ஒவ்வொரு உட்கார்ந்த பேச்சும் ஒரு சோர்ஸ். தலைப்பில் யார், யாரிடம், எந்த ஊரில், என்றைக்கு என்பது வரட்டும். ஆடியோக் கோப்பை மீடியாவாகச் சேருங்கள். பக்கம் என்ற கட்டத்தில் நிமிடத்தை எழுதுங்கள், "நிமிடம் 12:40" என்று. பின்னால் கேட்கிறவர் ஒரு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அவர் கண்ணால் பார்த்ததா, அவர் அம்மா சொல்லிக் கேட்டதா என்பதைக் குறிப்பில் பிரித்து எழுதுங்கள். போடிச் சண்டை அத்தை பிறப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள். நிலத் தகராறு என்றால் எங்காவது ஒரு பத்திரமோ கோர்ட் தீர்ப்போ கிடக்கும். போடி சார்பதிவகத்தில் அந்தப் பெயரில் 1 புத்தகத்து இன்டெக்ஸைத் தேட மனுக் கொடுங்கள். வருடம் தெரியாவிட்டால் 1957-இலிருந்து முன்னோக்கிப் போங்கள். மொய் எழுதின அன்றுவரை சமாதானமாகத்தானே இருந்திருக்கிறார்கள்.

அப்பாவின் காதுக் கதையும் ஒரு சோர்ஸ்தான். அதை அந்த 1-6-1962 நிகழ்வில் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

முல்லைக்கரை

கேட்டுவிட்டேன் ஐயா. அத்தைக்கு அப்போது ஏழு வயதாம், வண்டி கட்டிக்கொண்டு போடி போனது ஞாபகம் இருக்கிறதாம். மனு எழுதப் போகிறேன். 1 புத்தகம் என்று எழுதினால் போதுமா, சர்வே நம்பரும் கேட்பார்களா?

பழைய பத்திர எழுத்தர்

ஆள் பெயரில் தேட ஒரு இன்டெக்ஸ், சொத்தின் பேரில் தேட ஒரு இன்டெக்ஸ். பெயரும் அப்பா பெயரும் ஊரும் இருந்தால் முதலாவது போதும். பெயரைப் பழைய எழுத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று இரண்டு மூன்று விதமாக எழுதிக் கொடுங்கள்.